ஓட்டுநர் அக்காவும் பைக்காரர்கள் குழுவும்

பைக்காரர்கள் குழுவில் யாரும் சொந்தப் பெயரைப் போடக் கூடாது. செய்கிற தொழிலைப் போடலாம், பட்டப்பெயர் போடலாம், பிடித்த காய்கறியைக்கூடப் போடலாம். ஒருவர் அங்கே கத்திரிக்காய் என்றே உலவுகிறார். என் அக்கா அங்கே ‘ஓட்டுநர் அக்கா’. அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், “எழுது, எழுது. ஆனா குழுவுல இருக்கற மாதிரியே எழுது, பேரு கீரு வேணாம்” என்றாள். சரி என்றேன். அவளிடம் சரி சொல்லாமல் தப்பித்தவர் எங்கள் வீட்டில் கிடையாது.

பை என்றால் கைப்பை இல்லை. குடலில் கோளாறு வந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருக்கு, வயிற்றில் சின்னதாக ஒரு துளை போட்டு, குடலின் முனையை அதன் வழியாக வெளியே எடுத்து வைத்துவிடுவார்கள். கழிவு அந்த வழியில் வந்துவிடும். அதைத் தாங்கத் தோலோடு ஒட்டிக்கொள்கிற ஒரு தட்டு, தட்டில் மாட்டிய ஒரு பை. இவ்வளவுதான் சமாச்சாரம். சட்டைக்குள்ளே இருப்பதால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கட்டியிருப்பவருக்கோ உலகமே வேலையை விட்டுவிட்டுத் தன் வயிற்றையே பார்ப்பதாகத் தோன்றும்.

அக்கா நகரத்து பஸ் ஓட்டுகிறவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு ஏறிய காலை இறக்கிக்கொண்ட ஆட்கள் உண்டு. “போறவங்க போகட்டும், கூட்டம் குறையும்” என்று கதவை மூடிவிடுவாள். மாமா அவளுக்குக் கிடைத்ததே அந்த பஸ்ஸில்தான். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். நாளெல்லாம் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குவார், குரல் மட்டும் ஏறவே ஏறாது. ஒரு சாயங்காலம் கடைசி இருக்கையில் தூங்கிப்போய் டிப்போ வரை வந்துவிட்டார். அக்கா எழுப்பி இறக்கிவிட்டாள். மறுநாளும் தூங்கினார். அதற்கடுத்த நாள் ஒரு கண்ணை மட்டும் மூடித் தூங்குவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். பிறகென்ன, கல்யாணம்தான்.

அப்படிப்பட்டவளுக்கு வயிற்று வலி வந்தது. வந்த வலியை வெளியே சொல்லாமல் அதோடேயே வண்டி ஓட்டினாள். “வாயுத் தொல்லை, வாயுத் தொல்லை” என்று சமாளித்தாள். கடைசியில் ஒரு நாள் டிப்போ வாசலிலேயே சுருண்டு விழுந்தாள். அவசர அறுவை. கண் விழித்தபோது உயிர் இருந்தது, இடது பக்கம் பையும் இருந்தது. பை இனி எப்போதும் இருக்கும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் குளியலறையைவிட்டு வெளியே வரவில்லை என்றே சொல்லலாம். கதவுக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டு மாமா உட்கார்ந்திருப்பார். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. மதியம் கடையைச் சாத்திவிட்டு மேலே வருவேன். நான் பொறுமைசாலி இல்லை. “அக்கா, நீ பொழச்சு வந்ததுக்கு நாங்க சந்தோஷப்படணுமா, இந்தக் கதவைப் பார்த்து அழணுமா, ஒண்ணு சொல்லு!” என்று கத்தினேன். உள்ளேயிருந்து, “நாத்தம் வருதா?” என்று மட்டும் கேட்டாள். வரவில்லை. நான் கத்துவதை விட்டுவிட்டு மாமாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

மருத்துவமனையில் பை கட்டச் சொல்லிக்கொடுத்த நர்ஸம்மாதான் கைப்பேசியில் அந்தக் குழுவைக் காட்டிக்கொடுத்தார். நம் மொழி பேசுகிற பைக்காரர்கள் எங்கெங்கே இருக்கிறார்களோ அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். ஒருவர் காலை வணக்கம் போடும்போது இன்னொருவர் படுக்கப்போகிற நேரமாக இருக்கும். நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, டீச்சரம்மா. அக்கா உள்ளே நுழைந்ததும் அவர் எழுதினார்: “வாங்கம்மா. இங்க எல்லாரும் அழுது முடிச்சவங்கதான். நீங்களும் அழுதுட்டு வாங்க, காத்திருக்கோம்.”

அக்கா அழுதுவிட்டுப் போனாள். போனவளுக்கு அங்கே ஒரு தனி உலகமே திறந்தது. மருத்துவமனையில் சொல்லித்தர நேரமில்லாத சின்னச் சின்ன வித்தைகள் எல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. தட்டை ஒட்டுவதற்கு முன் தலைமுடி உலர்த்தும் கருவியால் லேசாகச் சூடு காட்டினால் நன்றாகப் பிடிக்கும். பை சரசரவென்று சத்தம் போட்டால் மெல்லிய துணியில் உறை தைத்துப் போடலாம். நாலு பேர் நடுவே வயிறு தானாகக் கத்திவிட்டால் நாற்காலியை இழுத்துச் சத்தம் போட்டுவிடலாம். ஒருவர் சொல்ல, ஒருவர் செய்து பார்த்து மாற்ற, இன்னொருவர் அதையும் மாற்ற என்று எல்லாமே அவர்களே கண்டுபிடித்தவை. அக்கா குளியலறையைவிட்டு வந்தாள், அப்புறம் வரவேற்பறை, அப்புறம் மாடிப்படி, அப்புறம் என் கடை வாசல். டீச்சரம்மாவுக்குக் கோயில் கட்டலாம் என்று நான் நினைத்தேன். இப்போதும் அந்த எண்ணத்தில் பாதி இருக்கிறது.

கொஞ்ச நாளில் அக்காவே அங்கே மற்றவர்களைத் தேற்றுகிறவளாகிவிட்டாள். அவள் தேற்றியவர்களில் ஒருவர் பேக்கரி தம்பி. தம்பி என்றதும் சின்னப்பையன் என்று எண்ண வேண்டாம், நாற்பதைத் தாண்டி முன்மண்டை பளபளக்கிற தம்பி. ரொட்டி அடுப்புச் சூட்டில் வியர்த்து வியர்த்துத் தட்டு கழன்று, வேலையையே விட்டுவிடப் போனவர். தினமும் போனில் அவரோடு பேசிப் பேசி அக்காதான் வேலையில் நிற்க வைத்தாள். “எங்க அக்கா இல்லன்னா நான் இல்ல” என்று குழுவில் வாரத்துக்கொரு முறையாவது எழுதிவிடுவார்.

இந்த நேரத்தில்தான் டிப்போவிலிருந்து கூப்பிட்டார்கள். மேலாளர் நல்ல மனிதர், ஆனால் விதி அவர் கையில் இல்லை. உடல்தகுதித் தேர்வு நடக்கும், அதில் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும், சீட் பெல்ட் போட்டபடி திடீர் பிரேக் போட்டுக் காட்ட வேண்டும். தேறினால் பழைய இருக்கை. இல்லையென்றால் டிக்கெட் கூண்டு. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஓய்வுபெறும் வரை.

“கூண்டுல உட்கார்ந்தா நான் ஆறு மாசத்துல கிழவி ஆயிடுவேன்” என்றாள் அக்கா. மிகைப்படுத்திச் சொல்கிறவள் இல்லை அவள். வண்டி ஓட்டாத அக்காவை எனக்கும் கற்பனை செய்ய முடியவில்லை.

சிக்கல் பெல்ட்தான். இடுப்புப் பட்டை சரியாகத் துளையின் மேலேயே போய் உட்கார்ந்தது. பை அழுந்தினால் உள்ளே வந்தது கீழே இறங்காமல் தட்டுக்கு அடியில் புகுந்து கசிந்துவிடும். பெல்ட்டைத் தளர்த்தவும் கூடாது. அக்கா யோசித்தாள், வீட்டிலிருந்த பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் வயிற்றில் வைத்துப் பார்த்தாள். கடைசியில் சிக்கியது சோப்பு டப்பா. மேல் மூடியை எடுத்து, பை தொங்குவதற்குக் கீழ்ப்பக்கம் ஒரு பள்ளம் வெட்டி, நாடா கோத்து, துளையைச் சுற்றிக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டாள். பெல்ட் டப்பாவின் மேல் போயிற்று. பை பத்திரமாக உள்ளே இருந்தது. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து கையில் ஒரு சோற்றுத் தட்டை ஸ்டீயரிங் மாதிரி திருப்பிக் காட்டினாள். மாமா கைதட்டினார்.

படத்தைக் குழுவில் போட்டாள். அடேயப்பா, அன்றைக்கு அங்கே நடந்தது கொண்டாட்டம்தான். இதயம் என்ன, கைதட்டல் என்ன, “எங்கள் விஞ்ஞானி அக்கா” என்ன! கத்திரிக்காய் நாலு வரியில் பாட்டே கட்டிவிட்டார். அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரே ஒரு ஆள் மட்டும் இப்படி எழுதினார்:

“யாராவது கட்டிக்கிட்டு பெல்ட் போட்டுப் பார்த்தீங்களா? விளிம்பு மெலிசா இருக்கு. பிரேக் போட்டா குத்தும். தட்டு பேர்ந்துடும். இதுக்குப் போய் இத்தனை கைதட்டலா?”

அவருக்குக் குழுவில் ஆணி என்று பெயர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எதைச் சொன்னாலும் நறுக்கென்று இறக்குவார் என்பதால் டீச்சரம்மாவே வைத்த பெயர். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். “ஒருத்தி உழைச்சு செஞ்சிருக்கா, இப்படியா பேசுவாங்க?” “உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?” ஆணி விடவில்லை. “மனசு இருக்கு. வயிறும் இருக்கு. வயிறு சொல்றத சொன்னேன்” என்றார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. “இந்த ஆளச் செருப்பாலயே அடிக்கணும்” என்று என்னிடம் சொன்னாள். டீச்சரம்மா ஆணியைக் குழுவிலிருந்து நீக்கினார். இங்கே யாரும் யாரையும் நோகடிக்கக் கூடாது என்பதுதான் அவருடைய சட்டம்.

மறுநாள் ராத்திரி பேக்கரி தம்பி தன் வயிற்றில் ஒரு சோப்பு டப்பாவோடு படம் போட்டார். “நான் ஒரு நாள் முழுக்கக் கட்டிப் பார்த்துட்டேன். சொர்க்கம்! எங்க அக்கா கைராசி!” பிறகு யார் சந்தேகப்படப்போகிறார்கள்? டப்பா வளர ஆரம்பித்தது. எப்படி வளர்ந்தது தெரியுமா? ஒருவர் அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்தார். இன்னொருவர் உடல் நிறத்தில் வண்ணம் பூசினார். ஒரு அம்மாள் ஓரத்தில் சரிகை வைத்தார். அவ்வளவு மூளையும் அவ்வளவு பாசமும் டப்பாவின் அலங்காரத்துக்குப் போயிற்று. விளிம்பை யாரும் தொடவில்லை.

தேர்வுக்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அக்கா தன் பழைய பயிற்சியாளரைக் கேட்டாள். சாப்பாட்டு இடைவேளையில் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் ஒரு ஓட்டை பஸ்ஸைக் கொடுத்தார். நான் நடுவில் உட்கார்ந்தேன். இருக்கையில் ஏறியதுமே அக்காவின் முதுகு நிமிர்ந்துவிட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. “இப்ப பிரேக்!” என்றார் பயிற்சியாளர்.

வண்டி நின்றது. அக்கா அசையவில்லை. நான் எழுந்து முன்னால் போனேன்.

“கிட்ட வராத” என்றாள். குரலே அவளுடையது இல்லை. “மாமாவ வரச் சொல்லு.”

பயிற்சியாளர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, “வண்டிய நான் பார்த்துக்கறேன், நீங்க நிதானமா இறங்குங்க” என்றார். மாமா வந்து தன் மேல்சட்டையைக் கழற்றி அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டி அழைத்துப் போனார். டப்பாவின் விளிம்பு தட்டைத் தள்ளிப் பெயர்த்திருந்தது. தோலில் வட்டமாக ஒரு சிவப்புக் கோடு.

குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். “நாளைக்கு டிப்போவுக்கு போன் பண்ணி, கூண்டே போதும்னு சொல்லிடறேன்.”

“குழுவுல சொன்னியா?”

“சொல்லல.”

“ஏன்?”

“எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருக்காங்க. சரிகையெல்லாம் வெச்சிருக்காங்க. எதுக்கு கெடுக்கணும்?”

எனக்கு வந்ததே ஒரு கோபம்! வேலை போகிறது, வாழ்க்கை போகிறது, இவள் யாரோ ஒரு அம்மாளின் சரிகைக்கு வருத்தப்படுகிறாள். அவள் போனைப் பிடுங்கி பேக்கரி தம்பியைக் கூப்பிட்டேன்.

“நான் அக்காவோட தங்கச்சி பேசறேன். ஒரு நாள் முழுக்கக் கட்டினீங்களே, உங்களுக்கு மட்டும் எப்படிக் குத்தாம இருந்துச்சு? அத சொல்லுங்க.”

“அக்காவுக்கு என்ன ஆச்சு?” என்றார். நடந்ததைச் சொன்னேன். அந்த நாற்பது வயதுத் தம்பி ஓவென்று அழுதுவிட்டார்.

“ஒரு மணி நேரம்கூட கட்டலங்க. குனிஞ்சதும் குத்திச்சு, கழட்டி வெச்சுட்டேன். படம் மட்டும் எடுத்துப் போட்டேன். அந்த ஆணி அண்ணன் அப்படிப் பேசினதும் அக்கா மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்! நானாவது நல்லதா நாலு வார்த்தை சொல்லலாம்னு...”

“நல்லா சொன்னீங்க போங்க!”

“திட்டுங்க, நல்லா திட்டுங்க. ஆனா ஒண்ணு கேளுங்க. ஆணி அண்ணன் இன்னமும் அதையேதான் செஞ்சு பார்த்துக்கிட்டு இருக்காரு. எனக்குத்தான் படம் படமா அனுப்பறாரு. அக்காகிட்ட சேர்த்துடுன்னு சொல்றாரு. நான் பயந்துகிட்டு சேர்க்கல.”

சேர்க்கவில்லையாம்! போனுக்குள் கையை விட்டு அவர் காதைத் திருகலாம் போல இருந்தது. “இப்ப சேர்த்துடுங்க” என்று வைத்தேன். படங்கள் வந்து விழுந்தன. வயிறு, பட்டை, ஸ்பாஞ்சுத் துண்டு. வயிறு, பட்டை, மரக்கட்டை. மறுபடி வயிறு. எல்லாம் ஒரே ஆளின் வயிறு. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டே வார்த்தை: “அமுங்குது, வேணாம்.” “வலிக்குது, வேணாம்.”

அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள். பிறகு தானாகவே அவரைக் கூப்பிட்டாள். எனக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள்.

“நான் ஓட்டுநர் பேசறேன்.”

“தட்டு பேர்ந்துதா?” என்றது ஒரு கரகரத்த குரல்.

“பேர்ந்துது.”

“மேல் விளிம்பா, கீழ் விளிம்பா?”

“மேல.”

“எனக்கும் மேலதான். அப்ப நான் நினைச்சது சரி.”

‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்பார் என்று காத்திருந்தோம். சொல்லவில்லை. ஐயோ பாவமும் சொல்லவில்லை. அக்காவுக்கு அதுவே ஒரு தெம்பாக இருந்திருக்க வேண்டும். தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்துகொண்டாள்.

“நேரா எனக்கே சொல்லியிருக்கலாமே?” என்றாள்.

“சொன்னேன். வெளிய தள்ளினீங்க.”

“சொன்ன விதம் அப்படி.”

“ஆமா, என் வாய் அப்படித்தான். எங்க வீட்டுலயும் அதுக்கு நல்ல பேரு கிடையாது.” கொஞ்சம் தயங்கினார். “உங்களுக்காகன்னு நான் எதையும் செய்யல. எனக்கும் பெல்ட் இருக்கு. கிரேன் கூண்டுல பெல்ட் இல்லாம உட்கார விடமாட்டாங்க. உங்க டப்பாவப் பார்த்த பிறகுதான் எனக்கும் வழி இருக்குன்னு தோணிச்சு.”

பிறகு அவர் விளக்கினார். மூடி போடுவதே தப்பு. பெல்ட் மூடியை அழுத்தினால் மூடி வயிற்றைத்தான் அழுத்தும். அந்த இடத்தின் மேல் எதுவுமே இருக்கக் கூடாது. இந்தப் பக்கம் ஒரு மேடு, அந்தப் பக்கம் ஒரு மேடு. பெல்ட் இரண்டு மேட்டின் மேலும் போகட்டும், நடுவில் காற்று மட்டும் இருக்கட்டும். மேட்டுக்கு எதைப் போடுவது என்பதுதான் கேள்வி. ஸ்பாஞ்சு அமுங்கியது, மரம் வலித்தது. கடைசியாக அவர் கண்டது ரப்பர் செருப்பு. புதுச் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் அமுங்கவும் இல்லை, குத்தவும் இல்லை.

செருப்பு என்றதும் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அந்த மைதானத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. “அண்ணே, உங்களச் செருப்பால அடிக்கணும்னு நான் எங்க வீட்டுல சொன்னேன்.”

“அடிக்கலாம். முதல்ல வெட்டி ஒட்டுங்க” என்றார் அவர். “ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். ஏணியில ஏறினா மேடு ரெண்டும் நழுவி இறங்கிடுது. எதைக் கட்டினாலும் நிக்கல. நாலு பேர் கட்டிப் பார்த்தாதான் தெரியும். என்கூட யாரு பேசறா?”

அக்கா டீச்சரம்மாவைக் கூப்பிட்டாள். ஆணியைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றாள். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. குழு தொடங்கிய புதிதில் ஒரு சின்னப் பெண் ஏதோ கேட்டாளாம், யாரோ ஒருவர் கேலியாகப் பதில் போட்டாராம், அவள் அன்றைக்கே போய்விட்டாளாம். “அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனான்னே எனக்குத் தெரியலம்மா. இன்னும் தூக்கத்துல வருவா. அதனாலதான் நான் இவ்வளவு கண்டிப்பு” என்றார்.

அக்கா மெதுவாகத்தான் பேசினாள். “புரியுது டீச்சர். நீங்க இல்லன்னா நான் இன்னும் குளியலறையிலதான் உட்கார்ந்திருப்பேன். என் மனசை நீங்க எல்லாரும் பார்த்துக்கிட்டீங்க. என் வயித்தை யாரு பார்க்கறது?”

“கேலி பண்ணக் கூடாது. அது மட்டும் மாறாது” என்றார் டீச்சரம்மா. “மத்தபடி அவரக் கூப்பிடுங்க.”

அக்கா மைதானத்தில் நடந்ததை அப்படியே குழுவில் எழுதினாள், ஒளிக்காமல். பேக்கரி தம்பியும் தன் ஒரு மணி நேரத்தை எழுதினார். முதலில் சரிகை அம்மாள் எழுதினார்: “நானும் கட்டிப் பார்க்கல. தைக்க மட்டும்தான் செஞ்சேன். மன்னிச்சுக்கோங்க.” பின்னாலேயே வரிசையாக வந்தார்கள். கட்டியவர்கள் ஆணியையும் தம்பியையும் விட்டால் இன்னும் ஒரே ஒருவர், அவரும் வலித்ததை வெளியே சொல்லவில்லை. அன்றிலிருந்து அங்கே ஒரு பழக்கம் வந்தது. யார் எதைச் செய்து காட்டினாலும், பாராட்டுவதற்கு முன் ‘கட்டினேன்’ அல்லது ‘கட்டல’ என்று முதல் வார்த்தை போட வேண்டும். கட்டாதவர்கள் தாராளமாக இதயம் போடலாம், யாரும் அதை நம்பி வண்டி ஓட்ட மாட்டார்கள்.

பிறகு வேலை சூடுபிடித்தது. பல வீடுகளில் புதுச் செருப்பை வெட்டித் தள்ளினார்கள். “கட்டினேன். எனக்கு உடம்பு கனம், மேடு இன்னும் உயரம் வேணும்” என்றார் ஒருவர். “கட்டினேன். நான் ஒல்லி, இடுப்பு எலும்புல இடிக்குது, ஓரத்தச் சரிவா வெட்டுங்க” என்றார் கத்திரிக்காய். நழுவுகிற சிக்கலை அவிழ்த்தது யார் என்கிறீர்கள்? பேக்கரி தம்பிதான். ரொட்டிக் கடையில் நாளெல்லாம் மேலங்கி, அதான் ஏப்ரன், கட்டுகிற ஆள். நாடாவைப் பின்னால் கொண்டுபோய்க் குறுக்காக மாற்றி, முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டால் எவ்வளவு குனிந்தாலும் இறங்காது என்பது அவருக்கு உடம்போடு ஊறிய விஷயம். அதே மாதிரி அகல நாடா வைத்துத் தைத்தார். முதல் வார்த்தையாக ‘கட்டினேன்’ என்று போட்டு, அதற்குக் கீழே, “நிஜமா கட்டினேன், என் பொண்டாட்டி சாட்சி” என்றும் போட்டார்.

ஆணி அதைக் கட்டிக்கொண்டு கிரேன் ஏணியில் ஏறி இறங்கிவிட்டு எழுதினார்: “கட்டினேன். முடிச்சு கேவலமா இருக்கு. நழுவல.” அந்த வாயிலிருந்து அது வந்தால் கட்டிப்பிடித்துக் கொஞ்சியதற்குச் சமம் என்று குழுவுக்கே தெரியும். தம்பி அன்றைக்குக் கடையில் எல்லாருக்கும் சும்மா பன் கொடுத்தாராம்.

அக்கா அதை நர்ஸம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் அழுத்திப் பார்த்து, உட்கார வைத்து, எழுப்பி, “தோல் சிவக்குதான்னு தினமும் பாருங்க, மத்தபடி நல்லாத்தான் இருக்கு” என்றார். டிப்போவின் பாதுகாப்பு அதிகாரியோ பெல்ட்டில் கை வைக்காதவரை தனக்கு ஆட்சேபம் இல்லை என்றுவிட்டார். இனித் தேர்வுதான் பாக்கி.

அன்றைக்கு எங்களை உள்ளே விடவில்லை. மாமாவும் நானும் டிப்போ வாசலில் நின்றோம். மாமா வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார், அதாவது பேசவே இல்லை. உள்ளேயிருந்து ஒரு தடவை டயர் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. ஒரு வழியாக அக்கா வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“என்ன ஆச்சு? சொல்லித் தொலையேன்!” என்றேன்.

“முதல்ல தண்ணி குடு.” பாட்டில் முழுவதையும் குடித்து முடித்தாள். “நாளன்னிக்கு காலைல முதல் வண்டி எனக்கு.”

மாமா அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, “அப்பாடா” என்றார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே போகிற வண்டிகளின் ஓட்டுநர்கள் எல்லாம் இவளைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார்கள்.

முதல் வண்டியில் நானும் ஏறினேன். அவளுக்குச் சொல்லாமல்தான் ஏறினேன், ஆனால் ஏறும்போதே பார்த்துவிட்டாள். “டிக்கெட் எடுத்தியா?” என்றாள். எடுத்திருந்தேன். வேலைக்குப் போகிறவர்கள், தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவர்கள் என்று வண்டி நிறைந்தது. அவர்களுக்கு அது வழக்கமான இன்னொரு காலை. நான் மட்டும் முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்தைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, பெரிய சாலைக்கு வந்தோம்.

பக்கத்துச் சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர்காரன் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் குறுக்கே வந்தான்.

அக்கா பிரேக்கை மிதித்தாள். வண்டி முழுவதும் முன்னால் சாய்ந்து பின்னால் வந்தது. யாருடைய பையோ உருண்டது. யாரோ “ஐயோ” என்றார்கள். ஸ்கூட்டர் ஒரு முழம் தள்ளி நின்றது. அக்காவின் இடது கை ஸ்டீயரிங்கை விட்டு வயிற்றுக்குப் போனது. அங்கேயே நின்றது. அவள் தடவிப் பார்த்தாள், மேல், கீழ், ஓரம். பிறகு அந்தக் கையை எடுத்து ஜன்னலைத் திறந்தாள்.

“ஏங்க, சாகறதுக்கு வேற வண்டியே கிடைக்கலியா உங்களுக்கு? இன்னிக்குத்தான் நான் வேலைக்கே வந்திருக்கேன்! கண்ணு எங்க இருக்கு? வீட்டுல காத்துக்கிட்டு இருக்கறவங்கள நினைச்சுப் பார்த்தீங்களா? போங்க, ஓரமா போங்க!”

அவன் கும்பிட்டுக்கொண்டே நகர்ந்தான். அவள் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை. பக்கத்தில் நின்றிருந்த பெண்மணி என் தோளைத் தொட்டு, “பயந்துட்டீங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றேன். “அது எங்க அக்கா.”